கேள்வி பதில்: மே மாசத்து வெயில்ல ஓவர்கிளாக்கிங், போர்டு சூடு, ஃபேன் சத்தம்

கம்ப்யூட்டர் பிராசசரை (சிப்பை) கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறதுதான் ஓவர்கிளாக்கிங். அதைப் பத்தி வடசென்னைப் பக்கத்துல இருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் ஏசி இல்லாத ரூம், கடல் காத்து, நடுத்தர விலை மதர்போர்டு. பதிலும் அதை வச்சுத்தான்.

வியாசர்பாடியில இருந்து: அண்ணா, ரைசன் 5 5600, பி450 போர்டு, பெட்டியோட வந்த கூலர். 1.35 வோல்ட் வச்சு எல்லா கோரையும் (சிப்புக்குள்ள இருக்கிற தனித்தனி மூளை) 4.6 கிகாஹெர்ட்ஸ்ல லாக் பண்ணலாமா? வீடியோல அப்படித்தான் சொல்றாங்க.

அந்த கூலர்ல வேண்டாம் தம்பி. இப்ப 1.2 வோல்ட்ல 4.4 ஓடுதுன்னு வச்சுக்கோங்க. சூடு கிளாக் வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏறும். கணக்கு போட்டா வேகம் நாலரை சதவீதம் கூடும், சூடு 32 சதவீதம் கூடும். இந்த சிப்புக்கு உச்ச வரம்பு 90 டிகிரி. மே மாசம் மதியத்துல அதைத் தொட்டதும் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். லாக் பண்ணதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

வோல்டேஜைக் குறைக்கிற வழியில போங்க. புது பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) போட்டுட்டு, அதுல பிபிஓங்கிற ஏஎம்டி பூஸ்ட் மெனுல அட்வான்ஸ்டு எடுங்க. பிபிடி (மொத்த பவர் வரம்பு) 76 வாட், டிடிசி (தொடர்ந்து இழுக்கிற கரன்ட் வரம்பு) 60 ஆம்பியர், ஈடிசி (நொடிப்பொழுது கரன்ட் வரம்பு) 90 ஆம்பியர்னு ஒரிஜினல் அளவையே விடுங்க. ஒவ்வொரு வேகத்துக்கும் போற வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர்ல எல்லா கோருக்கும் நெகடிவ் 10. ரெண்டு நாள் சரியா ஓடினா 15, அப்புறம் 20. அதே 76 வாட்டுக்குள்ள சிப்பே கூடுதல் வேகத்துக்குப் போகும்.

இதுல ஒரு பொறி இருக்கு. சினிபெஞ்ச்ங்கிற சோதனை சாஃப்ட்வேர் ஒரு மணி நேரம் ஓடினதும் "ஸ்டேபிள்"னு முடிவு கட்டாதீங்க. கர்வ் ஆப்டிமைசர் தப்பா இருந்தா லோடு அதிகமா இருக்கும்போது தெரியாது. சும்மா பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது, ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவுற நொடியிலதான் ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர்னு ஒரு இலவச டூல் இருக்கு, ஒவ்வொரு கோரையும் தனித்தனியா சோதிக்கும். ராத்திரி ஓட விட்டுட்டுப் படுங்க. ரீஸ்டார்ட் ஆனா விண்டோஸோட ஈவன்ட் வியூவர்ல வியா லாகர் (WHEA-Logger) 18ன்னு ஒரு பதிவு இருக்கும், பிரச்சினை எந்த கோர்னு தேட அதுல இருக்கிற ஏபிஐசி ஐடிங்கிற எண் உதவும். அந்த கோருக்கு மட்டும் நெகடிவ் 20ஐ 15 ஆக்கினா போதும், மத்ததைத் தொட வேண்டாம்.

திருவொற்றியூர்: ப்ரோ, 5900எக்ஸ், வாட்டர் கூலர் போட்டிருக்கேன். பிராசசர் 68 டிகிரிதான். ஆனா இருபது நிமிஷம் ரெண்டர் ஓடினா கிளாக் சடார்னு 550 மெகாஹெர்ட்ஸுக்கு விழுது, கொஞ்ச நேரத்துல திரும்ப ஏறுது. போர்டு குறைஞ்ச விலை பி450.

பிராசசர் மேல தப்பில்ல. போர்டுல இருக்கிற விஆர்எம் கொதிக்குது, அது "நிறுத்து"ன்னு சிக்னல் குடுக்குது. சப்ளைல இருந்து வர்ற 12 வோல்ட்டை 1.2 வோல்ட் அளவுக்கு இறக்கிக் குடுக்கிற பகுதி அது. 5900எக்ஸ் ஒரிஜினல் செட்டிங்லயே தொடர்ந்து 95 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்த வேலையைப் பங்கு போடுற நாலு ஃபேஸ் (பிரிவு) இருக்கிற போர்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் கிட்டத்தட்ட 24 ஆம்பியர். கரன்ட் ஏற ஏற மாஸ்ஃபெட்ல (விஆர்எம்ல கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற சின்ன சிப்) வீணாகுற சூடு அதைவிட வேகமா ஏறும்.

சாதாரண டவர் கூலர் இருந்தா அதோட ஃபேன் காத்து கொஞ்சமாவது விஆர்எம் மேல படும். வாட்டர் கூலர் பம்ப் பக்கத்துல காத்தே இருக்காது. அதனாலதான் பிராசசர் ஜில்லுன்னு இருக்க, பக்கத்துல போர்டு வேகுது.

முதல்ல அளந்து பாருங்க. சூடு, வேகம் எல்லாம் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல "விஆர்எம் மாஸ்"னு ஒரு வரி வருதான்னு தேடுங்க. வரலைன்னா போர்டுல சென்சார் இல்ல. அப்ப மல்டிமீட்டரோட வர்ற கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற வயர்) முனையை, போர்டோட பின்பக்கம் மாஸ்ஃபெட் இருக்கிற இடத்துக்கு நேரா கேப்டான் டேப் (சூடு தாங்குற டேப்) போட்டு ஒட்டுங்க. சாதா செலோ டேப் சூட்டுல கழண்டுடும், வயர் முனை எந்தக் கால்லயும் படக் கூடாது. பின்பக்கமே 90 தாண்டினா முன்பக்கம் இன்னும் மோசம்.

80 இல்ல 92 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ணு வாங்கி ஜிப் டையால கட்டி விஆர்எம் மேல திருப்புங்க. 900 ஆர்பிஎம் போதும், பெருசா வித்தியாசம் தெரியும். வாட்டர் கூலரோட ரேடியேட்டர் கேபினட் முன்னாடி இருந்தா மேல மாத்துங்க. பிபிடியை 142 வாட்ல இருந்து 110க்கு இறக்குங்க, ரெண்டர் நேரம் கொஞ்சந்தான் கூடும். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்காம பிடிக்கிற லோடுலைன் செட்டிங்கை எக்ஸ்ட்ரீம்ல வச்சிருந்தா நடுவுல இருக்கிற அளவுக்குக் கொண்டு வாங்க.

விஆர்எம் மேல இருக்கிற ஹீட்சிங்க்குக்கு (சூட்டை வாங்குற உலோகக் கட்டி) அடியில உள்ள பேட் மாத்துறவங்க பழைய பேடோட தடிமனை அளந்துட்டு வாங்குங்க. 1 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 2 போட்டா ஹீட்சிங்க் சரியா உக்காராது, ஸ்க்ரூவை இறுக்கினா போர்டு வளையும்.

வண்ணாரப்பேட்டை: ஏசி இல்ல. காஸ்ட்லி தெர்மல் பேஸ்ட் போட்டா மே மாசத்தைத் தாண்டிடலாமா?

முடியாது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுறதுதான் பேஸ்ட். ஒழுங்கா போட்ட சாதா பேஸ்ட்டுக்கும் காஸ்ட்லி பேஸ்ட்டுக்கும் ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம். ரூம் சூடு ஒரு டிகிரி ஏறினா பிராசசரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். டிசம்பர்ல ரூம் 26, சிப் 80னா, மே மாசம் ரூம் 36, சிப் 90. அதனால செட்டிங்கை மே மாச மதியம் ரெண்டு மணிக்கு சோதிச்சு முடிவு பண்ணுங்க. குளிர்காலத்துல சோதிச்சா பத்து டிகிரி கூட்டிப் பாருங்க.

கொளத்தூர்: சார், பிரவுசர் திறந்தாலே ஃபேன் ஆம்புலன்ஸ் மாதிரி ஏறி இறங்குது. வீட்ல திட்டு விழுது.

ரைசன் சிப் ஒரு நொடிக்குள்ள பத்து பதினஞ்சு டிகிரி தாவும். ஃபேன் அதை அப்படியே துரத்துது. பயாஸ்ல ஃபேன் ஸ்டெப் அப் டைமை (வேகம் ஏற எடுக்கிற நேரம்) 4 நொடி வைங்க, ஸ்டெப் டவுன் (இறங்குற நேரம்) அதைவிட அதிகமா. ஃபேன் வேகத்தோட கர்வ்: 55 டிகிரி வரைக்கும் 35 சதவீதத்துல தட்டையா, 75 டிகிரில 60, 85ல 100. கேபினட் ஃபேனை பிராசசர் சென்சாரோட கட்டாம மதர்போர்டு சென்சாரோட கட்டுங்க. மூணு பின் ஃபேனை டிசி மோடுல வைக்கணும், பிடபிள்யூஎம்ல வச்சா எப்பவும் முழு வேகத்துல கத்தும்.

1500 ஆர்பிஎம்மை 1200 ஆக்கினா சத்தம் சுமார் 5 டெசிபல் குறையும். அதே மாதிரி இன்னொரு ஃபேன் சேர்த்தா 3 டெசிபல்தான் கூடும். ஒண்ணு வேகமா சுத்துறதைவிட ரெண்டு மெதுவா சுத்துறது நல்லது. அதுக்கு மேல சத்தத்துக்காக செலவு பண்ணாதீங்க. சீலிங் ஃபேன் அஞ்சுல ஓடுற ரூம்ல அந்த நுணுக்கம் யாருக்கும் கேக்காது.

ராயபுரம்: கடல் பக்கம் வீடு. கேபினட்டைத் திறந்தா தூசி பிசுபிசுன்னு ஒட்டுது.

உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். உள்ள தள்ளுற ஃபேன் அதிகமா, வெளிய தள்ளுறது குறைச்சலா வைங்க. ஃபில்டர் வழியா மட்டும் காத்து வரும். கடல் பாத்த ஜன்னல் கீழ கேபினட் வேண்டாம். மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுட்டு ப்ளோயர் அடிங்க. ரேம் காலை ரப்பரால தேய்க்காதீங்க, தங்கப் பூச்சு போயிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க.

எண்ணூர்: ஐ5 12400எஃப், பி660 போர்டு. ஓவர்கிளாக் ஆகுமா?

ஆகாது. மல்டிப்ளையர் (வேகத்தை நிர்ணயிக்கிற பெருக்கல் எண்) பூட்டின சிப் அது. இன்டெல்ல கே போட்ட பிராசசரும் இசட் வரிசை போர்டும் வேணும். அதுக்குப் பதிலா, ரேமை அதுக்குரிய வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் பண்ணுங்க. பவர் லிமிட் 65 வாட்லயே நின்னா, போர்டும் கூலரும் தாங்கும்னா, 117 வரைக்கும் விடுங்க.

தண்டையார்பேட்டை: 14700கே வாங்கியிருக்கேன். அந்த வோல்டேஜ் பிரச்சினையைக் கேட்டு பயமா இருக்கு.

இன்டெல் 13, 14ம் தலைமுறை சிப்புக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் போய் சிப் கெட்டுப்போன பிரச்சினை அது. எதையும் தொடறதுக்கு முன்னாடி 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (சிப்புக்கு இன்டெல் குடுக்கிற திருத்தம்), இல்ல அதுக்குப் பிந்தியது இருக்கிற பயாஸ் போடுங்க. அப்புறம் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ். ஏசி இல்லாத ரூம்ல 253 வாட்டும் வேண்டாம், 180 வச்சாலே கேமுக்கு தாராளம்.

பெரம்பூர்: செட்டிங் மாத்தினேன், டிஸ்ப்ளே வரல, ஃபேன் மட்டும் சுத்துது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை பத்து நொடி அழுத்துங்க. போர்டுல கிளியர் சிமாஸ்னு (பயாஸ் செட்டிங்கை அழிக்கிறது) இருக்கிற ரெண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால பத்து நொடி ஒட்ட வைங்க. பின் எதுன்னு தெரியலைன்னா காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. ரேம் செட்டிங் மாத்தியிருந்தீங்கன்னா முதல் பூட்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூட ஆகலாம். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க.