நயவுரையில் குறை சொல்லலாமா?

வணக்கம் ஐயா,

கடுமையான நூல் விமர்சனங்களைத் தேடித்தேடி வாசிப்பவள் நான். புகழ்ந்து எழுதியவற்றை இரண்டு பந்திக்கு மேல் வாசிக்க முடிவதில்லை. ஒரு நூலைக் கிழித்துப் போட்ட கட்டுரையென்றால் கடைசி வரி வரைக்கும் போய்விடுகிறேன். இது மற்றவர் அடிபடுவதைப் பார்க்கிற ஆசைதானோ என்று மனம் உறுத்துகிறது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து இளைஞரின் முதல் நாவலுக்கு நான் நயவுரை சொல்ல வேண்டும். நாவல் நன்றாக வரவில்லை. கைக்காசைப் போட்டு 300 பிரதி அச்சடித்திருக்கிறார். "நம்ம ஆளுங்க எழுத வர்றதே அபூர்வம், நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க டீச்சர்" என்கிறார்கள். குறையைச் சொன்னால் யாருக்கு என்ன பயன்? சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

மனம் உறுத்த வேண்டியதில்லை. 'மண்வாசனை', 'யதார்த்தம்', 'வலிகளின் பதிவு' என்று மூன்று சொல் கைவசம் இருந்தால் நூலைத் திறக்காமலே ஒரு நயவுரையை ஒப்பேற்றிவிடலாம். குறை சொல்ல வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் பக்கம், எந்த வரி, என்ன பிழை என்று காட்டியாக வேண்டும். அதற்காக அவர் வரி வரியாக வாசித்திருப்பார். உங்களைக் கடைசி வரைக்கும் இழுத்துப் போவது அந்த வாசிப்புத்தான்.

1895இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், தனக்கு முந்திய நாவலாசிரியர் ஃபெனிமோர் கூப்பரின் நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையில் வரும் வள்ளத்தின் மேல் ஆறு செவ்விந்தியர்கள் மரத்திலிருந்து குதிக்கும் காட்சி. ட்வெய்ன் அளவெடுக்கிறார். ஓடை 50 அடி அகலத்தில் புறப்பட்டு, காரணமே சொல்லாமல் 20 அடியாக ஒடுங்குகிறது. வள்ளத்தின் நீளம் 140 அடி. அது மணிக்கு ஒரு மைல் அளவில் ஊர்கிறது. அப்படி ஊர்ந்துபோகும் வள்ளத்தின் பின்முனையில் ஒருவன் விழுந்து மயங்க, மற்ற ஐந்து பேரும் அதைத் தவறவிட்டுத் தண்ணீரில் விழுகிறார்கள்! அளவைச் சொன்னதுமே காட்சி சரிந்துவிடுகிறது. நாவல் எழுத உட்காருகிற எவரும் அதை வாசித்தபின், தன் காட்சியில் யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு தூரம் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார். ஆனால் ட்வெய்னும் சில இடங்களில் கூப்பரின் வரிகளை மாற்றியும் கூட்டியும் சொன்னார் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் மூல நூலோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மேற்கோளில் ஒரு சொல் பிசகினாலும் பேச்சு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

இனி அந்த 'நாலு நல்ல வார்த்தை'. எனக்குக் கோபம் தருகிற பேச்சு இது. மலையகத்தவர் எழுதினாலே போதும், நன்றாக எழுதத் தேவையில்லை என்பதுதான் இதன் உள்ளர்த்தம். சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதிய மலையில் யாருக்கும் அந்தச் சலுகை தேவையில்லை. அந்த இளைஞருக்கும் இதனால் நட்டம். பொய்ப் பாராட்டை நம்பி, அதே பிழைகளோடு இரண்டாவது நாவலுக்கும் கைக்காசைப் போடுவார்.

விற்பனை விழுந்துவிடும் என்கிற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. நியூயோர்க் டைம்ஸ் மதிப்புரைகளையும் நூல் விற்பனையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. பெயர்பெற்ற எழுத்தாளர்களுக்குக் கண்டன மதிப்புரை விற்பனையை 15 வீதம் அளவுக்குக் குறைத்தது. அறியப்படாதவர்களுக்கோ 45 வீதம் அளவுக்குக் கூட்டியது. அப்படி ஒரு நூல் இருக்கிறது என்பதே பலருக்கும் அதன் வழியாகத்தான் தெரிந்தது. 300 பிரதிக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உங்கள் இளைஞர் அறியப்படாதவர் பக்கம்தான் நிற்கிறார்.

நாவலை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம். எந்தப் பக்கத்தில் அலுத்துப்போய் மூடினீர்களோ அந்த எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். இரண்டாம் தடவை ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே போங்கள். நாற்பது ஐம்பது குறி சேர்ந்துவிடும். வகை பிரித்துப் பார்த்தால் மூன்று நான்கு பிழைகளே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். பெரியவை இரண்டை மட்டும் பேச்சுக்கு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடமாவது காட்ட வேண்டும். ஓரிடத்தில் வந்தால் கைத்தவறு, மூன்றிடத்தில் வந்தால் பழக்கம்.

பிழைக்குப் பெயர் வைக்க வெளியே போகத் தேவையில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள் நாவலுக்கும் பொருந்துகின்றன. முதல் நாவல்களில் அதிகம் அகப்படுபவை வெற்றெனத் தொடுத்தல் (பொருளில்லாத வெற்றுச் சொற்களை அடுக்குவது), மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதினால் அது மற்றொன்று விரித்தல். தீபாவளி முற்பணத்துக்காகத் தோட்டத்துரையோடு மூண்ட சண்டை முதல் அத்தியாயத்தில் உயிரோடு இருந்து, முடிவில் கதாநாயகன் கொழும்புக்கு பஸ் ஏறுவதோடு கரைந்துபோனால் சென்று தேய்ந்து இறுதல்.

ஒரு வரியைப் பிரித்துக் காட்டுவது எப்படி என்பதற்கு, நானே இட்டுக்கட்டிய வரி ஒன்று: "பச்சைக் கம்பளம் விரித்த மலையில் பனித்துளியாய் மிதந்தாள் செல்லம்மா." மோசமான உவமை என்று மட்டும் சொன்னால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படிச் சொல்லலாம்: கம்பளம் தெரிவது றோட்டில் நிற்கிறவரின் கண்ணுக்கு. செல்லம்மா இடுப்பளவு செடிக்குள் நிற்கிறாள். இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கில் வாதுகள் உரசுகின்றன, காலில் அட்டை ஏறுகிறது, கூடைக்கயிறு தலையை அழுத்துகிறது. கதை அவள் கண்ணால் நகர்வதாகத் தொடங்கியது. இந்த வரியில் அந்தக் கண் சுற்றுலாப் பயணியின் கண்ணாகிவிட்டது. இதைக் கேட்டால் அவர் மற்ற வரிகளைத் தானே திருத்திக்கொள்வார்.

தொழில் விபரத்தையும் காலத்தையும் தனியாகச் சோதியுங்கள். கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையில் மறுவாரமே கொழுந்து எடுப்பதாக வந்தால் பிழை. செடி தளிர்த்துக் கொழுந்துக்கு வர மாதக்கணக்காகும். 1962இல் ஒரு பாத்திரம், மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைத்துக் கலங்கினாலும் பிழை. அது கைச்சாத்தானது 1964 ஒக்டோபரில். மலையில் வேலை செய்தவர்கள் உங்கள் முன்னால் இருப்பார்கள். கவ்வாத்துப் பிழையை நீங்கள் தவறவிட்டால் உங்கள் வாசிப்பையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

15 நிமிடம் தந்தால் முதல் மூன்று நிமிடம் நாவல் எதைச் செய்ய முயன்றது என்பதற்கு. ஒன்பது நிமிடம் இரண்டு குறைகளுக்கு. மிச்சம் மூன்றும் நன்றாக வந்த ஓரிடத்துக்கு, அதையும் பக்க எண்ணோடு. மேற்கோளை முழுப் பந்தியாக வாசியுங்கள். அரை வரியை வெட்டியெடுத்தால் எவரையும் முட்டாளாகக் காட்டிவிடலாம். 1818இல் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் நெடுங்கவிதையைத் தாக்கிய மதிப்புரையாளர், நான்கு பகுதிகளில் முதலாவதை மட்டுமே வாசித்ததாகத் தானே எழுதிவைத்தார். அவர் பெயரோடு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

ஆசிரியரின் படிப்பு, குடும்பம், தொழிற்சங்கம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். குடிகாரக் கணவன் பெண்களைப் பற்றிப் பேசுவது அவன் பேச்சு. ஆசிரியரின் கருத்தென்று தூக்கிப் பிடிக்காதீர்கள். அச்சுப்பிழைகளைச் சபையில் எண்ண வேண்டாம்.

வெளியீட்டு விழாவென்றால், அவருடைய அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில் இருக்கிற நாளில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். வாசகர் வட்டம் இதற்குச் சரியான இடம். பேசப்போகும் இரண்டு குறைகளையும் ஒரு வாரம் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், பதிலோடு வரட்டும். மற்றக் குறிகளை, அச்சுப்பிழைகள் உட்பட, பக்க எண் வரிசையில் ஒரு தாளில் எழுதி, கூட்டம் முடிந்தபின் அவர் கையில் கொடுங்கள். 300 பிரதியும் தீர்ந்து மறுபதிப்புப் போடும்போது அவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.