ஆங்கிலத்தில் 'கெட்' என்ற வினைச்சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எப்படிப் பிரித்தறிவது?

'கெட்' என்றால் 'பெறு' என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பாதி வாக்கியங்கள் பிடிபடாது. அடுத்து என்ன வகைச் சொல் வருகிறது என்று பாருங்கள், பொருள் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது, எடுத்து வருவது. 'ஐ காட் எ லெட்டர்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்) என்றால் எனக்குக் கடிதம் வந்தது. பெயரடை வந்தால் நிலை மாறுகிறது: 'இட் இஸ் கெட்டிங் டார்க்', அதாவது இருட்டிக்கொண்டு வருகிறது. 'டு' போட்டு இடத்தைச் சொன்னால் போய்ச் சேர்வது. ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன்னால் அந்த 'டு' வராது. 'கெட் ஹோம்' என்பதே சரி.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பிறரைக் கொண்டு செய்விக்கும் இடத்தில்தான். கடையில் போய் வெட்டிக்கொண்டாலும் தமிழில் 'முடி வெட்டினேன்' என்போம். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று மாற்றினால், கத்திரிக்கோலை நீங்களே பிடித்ததாக அர்த்தமாகிவிடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்லுங்கள். வரிசை இதுதான்: முதலில் 'கெட்', பிறகு செயப்படுபொருள் (இங்கே 'மை ஹேர்'), கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம் (இங்கே 'கட்'). செய்தவரையும் குறிப்பிட வேண்டுமா? 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்'. இங்கே 'டு' கட்டாயம். 'கெட்'டுக்குப் பதில் 'மேக்' போட்டு 'ஐ மேட் ஹிம் ரிப்பேர் இட்' என்றால் 'டு' கூடாது. வற்புறுத்தல் தொனியும் வந்துவிடும்.

'ஐ ஹாவ் காட் எ கார்' என்பது பெரும்பாலும் நிகழ்காலமே: என்னிடம் கார் இருக்கிறது.