தென்னாப்பிரிக்கால ‘கூலி’, ‘சாமி’ ரெண்டும் வசவா ஆனது எப்படி? ரெண்டுல எது மோசம்?

நான் டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் குடியிருக்கேன், அக்கம்பக்கம் எல்லாம் நாலாவது அஞ்சாவது தலைமுறைத் தமிழ்க் குடும்பங்க. ரெண்டுமே தமிழ் வார்த்தைதானே, வெள்ளைக்காரன் வாயில போய் இங்கிலீஷ் வசவா திரும்பி வந்துச்சு, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்னு நிறைய பேர் கேக்கறாங்க. வித்தியாசம் இருக்கு, என்னைப் பொறுத்தவரைக்கும் கூலிதான் ரொம்ப மோசம்.

ஊர்ல நமக்கு கூலின்னா செஞ்ச வேலைக்குக் கைல வாங்கற காசு (குஜராத்துல கோலின்னு ஒரு ஜனம் இருக்கு, அவங்க பேர்லேருந்து வந்ததுன்னும் சிலர் சொல்வாங்க). 1860 நவம்பர் 16 அன்னிக்கு, ஒப்பந்தத்துல வேலைக்கு வந்த மொத இந்திய ஆளுங்களோட ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்லேருந்து டர்பன் வந்து சேர்ந்துச்சு. வந்தவங்களுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம், மொத வருஷம் மாசம் பத்து ஷில்லிங், பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. 1911 வரைக்கும் இப்படி ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அதுல பெரும்பங்கு மெட்ராஸ் வழியாத்தான். அப்ப சர்க்கார் காகிதத்துல கூலின்னா ஒப்பந்த ஆளு. ஆனா அது அங்கயே நிக்கல, ஒப்பந்தம் முடிச்சு சொந்தமா காய்கறி போட்டவனும் கூலி, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வந்து கடை போட்ட குஜராத்திக்காரரும் கூலி, 1893ல வந்த காந்தி கூலி பாரிஸ்டர். பாரிஸ்டர் எப்படிங்க கூலி ஆவார்? செய்யற வேலையைச் சொன்ன வார்த்தை பொறப்பைச் சொல்ல ஆரம்பிச்சிருச்சு, அதான் விஷயம். டிரான்ஸ்வால்ல (ஜோகன்னஸ்பர்க் பக்கம், அப்ப போயர் வெள்ளைக்காரங்க ஆண்ட குடியரசு) 1885ல போட்ட சட்டத்துல கூலிகள், அரபிகள், மலாய்க்காரங்கன்னு வரிசையா எழுதி இவங்களுக்குக் குடியுரிமை கிடையாதுன்னே வச்சாங்க. ஜோகன்னஸ்பர்க்ல நம்மாளுங்க இருந்த இடத்துக்குப் பேரே கூலி லொகேஷன், 1904ல பிளேக் வந்தப்ப அதைக் கொளுத்திட்டாங்க. இங்கத்து ஜூலு மொழில அது அமாகூலா ஆச்சு, அதுவும் வசவுதான்.

சாமி கதை வேற. முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமின்னு பேரெல்லாம் சாமில முடியறதைக் கேட்டு, முழுப் பேரைச் சொல்ல மெனக்கெடாம எல்லாரையும் சாமின்னு கூப்பிட்டாங்க. அவங்க காதுக்கு அது சாமுவேலைச் செல்லமா சுருக்கின மாதிரி, அதாவது ஒரு சின்னப் பையன் பேரு. அறுபது வயசு ஆளு காய்கறிக் கூடையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னாலும் அவரு சாமி, பொம்பளைன்னா மேரி. இதுக்கு நம்மாளுங்க ஒரு பதில் வச்சிருந்தாங்க, காந்தியே எழுதியிருக்கார்: என்னை சாமின்னு கூப்பிடறீங்களே, சாமின்னா எஜமான்னு அர்த்தம், நான் உங்க எஜமான் இல்லையேன்னு திருப்பிச் சொல்வாங்களாம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அந்தப் பதிலைச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம் வார்த்தையோட நல்ல அர்த்தம் அவங்க கையில இருந்ததுதான். இன்னிக்கும் இருக்கு, கோயில்ல சாமி இருக்கு, வீட்டு கேட்ல முன்சாமி, ராம்சாமின்னு குடும்பப் பேரு இருக்கு.

கூலிக்கு அது இல்லாமப் போச்சு. இங்க பெரும்பாலான வீட்டுல தமிழ் பேச்சு நின்னுருச்சு, சம்பளம்ங்கற அர்த்தத்துல அந்த வார்த்தையை யாரும் காதால கேட்டதே கிடையாது. பஸ் ஸ்டாண்ட்ல, ஸ்கூல்ல, கடை வாசல்ல வசவா கேட்டது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். ஊர்லேருந்து வந்த என் ஃப்ரெண்ட் ஒருத்தன், கூலின்னா வெறும் சம்பளம்தான் ஆன்ட்டி, இதுக்கு ஏன் வருத்தப்படறீங்கன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட விளக்கினான். அவங்க பொறுமையா கேட்டுட்டு, எங்கப்பாவை அப்படிக் கூப்பிட்டவங்க சம்பளத்தைப் பத்திப் பேசலையேப்பான்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அகராதி அர்த்தத்தைத் தூக்கிட்டு வந்து அவங்க வலியைத் தள்ளிவிடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன்.

அந்த வார்த்தையை அவங்களே தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டா அது வேற. டர்பன் டாக்டர் கூனம், நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவங்க, தன் வாழ்க்கைக் கதைக்கு ‘கூலி டாக்டர்’னே பேரு வச்சாங்க. அது அவங்க உரிமை, நேத்து ஃப்ளைட்ல வந்து இறங்கின நமக்கு அந்த உரிமை வராது. மொரீஷியஸ்ல கூலி காட்னு இருந்த இறங்குதுறையை ஆப்ரவாசி காட்னு (குடியேற வந்தவங்க துறைன்னு அர்த்தம்) மாத்திட்டாங்க, 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் அந்தப் பேருலதான்.

புதுசா டர்பன் வர்றவங்க போன்ல ஊருக்குப் பேசும்போது கூட சம்பளம்னே சொல்லுங்க. கோவத்துல ஒருத்தரைப் பார்த்துக் கூலின்னு சொன்னா போலீஸ், கோர்ட் வரைக்கும் போகும், மானத்தைக் காயப்படுத்தறது இந்த ஊர்ல கிரிமினல் குத்தம். சாமின்னு கோயில்ல தாராளமா சொல்லலாம், மார்க்கெட்ல காய் விக்கிற பெரியவரை மட்டும் அப்படிக் கூப்பிடாதீங்க, அங்கிள்னு கூப்பிடுங்க.