“இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமா டாக்டர்?”

வட ஆற்காட்டுப் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாடும் ஆடும்தான் அதிகம் வரும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் மனசில் நின்றவை நாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் முகங்கள். நீண்ட நாள் நோயில் கிடக்கும் நாயின் கடைசி நாட்களைப் பற்றியும், ஊசி போட்டு வலியில்லாமல் அதன் உயிரை முடித்து வைப்பது பற்றியும் கேள்விகள் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

காட்பாடியிலிருந்து: எங்கள் லாப்ரடாருக்கு 12 வயது. கிட்னி போய்விட்டது என்றார்கள். வாரம் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றுகிறோம். ஒரு நாள் எழுந்து வாலாட்டுகிறான், மறுநாள் வாந்தி எடுத்துச் சுருண்டு விடுகிறான். எப்போது முடிவெடுப்பது?

நாய்க்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறித் தெரியும். போன பகுதி திரும்ப வளராது. டிரிப்ஸ் உடம்பின் நீர்க்குறைவைச் சரிசெய்து, தேங்கிய கழிவைக் கொஞ்சம் வெளியேற்றும், அவ்வளவுதான். அதனால் கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு டிரிப்ஸ் எத்தனை நாள் தாங்குகிறது என்று பாருங்கள். முன்பு மூன்று நாள் தெம்பாக இருந்தவன் இப்போது மறுநாளே படுத்துவிடுகிறான் என்றால் கணக்கு மாறிவிட்டது. வாயைத் திறந்தும் பாருங்கள். ஈறிலும் நாக்கு ஓரத்திலும் புண், மூத்திர நெடி அடிக்கும் மூச்சு இரண்டும் இருந்தால், அவனுக்குச் சோறு பிடிக்காமல் இல்லை, வாய் எரிகிறது.

வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்கும் இல்லையா? கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல், ராத்திரி அதன் பின்னால் ஒரே வார்த்தை எழுதுங்கள்: நல்ல நாள், அல்லது கெட்ட நாள். அவனுக்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயங்களையும் குறித்து வையுங்கள். பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுவது, சாயங்கால நடை, நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்காருவது என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றில் இரண்டு நின்றுபோய், கெட்ட நாள் தாள்களும் கூடிக்கொண்டே போனால் நேரம் வந்துவிட்டது.

என் வீட்டு மணிக்கும் இதே நோய்தான். ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அவன் விஷயத்தில் “இன்னும் ரெண்டு நாள்” என்று ஒரு வாரம் தள்ளினேன். கடைசி ராத்திரி தாழ்வாரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது, விடிகிற வரை விட்டு விட்டு வந்தது. காலையில் என்னைப் பார்த்தான், யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாரம் அவனுக்காகக் கொடுத்தது இல்லை, எனக்காக எடுத்துக்கொண்டது. ஆகவே சொல்கிறேன்: ஒரு வாரம் முந்தினாலும் பரவாயில்லை, ஒரு நாள் பிந்த வேண்டாம்.

சத்துவாச்சாரியிலிருந்து: ஊசி போடும்போது வலிக்குமா? நான் பக்கத்தில் இருக்கலாமா?

முறையாகச் செய்தால் குத்துகிற வலி மட்டும்தான். முதலில் மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தலை தானாகச் சாயும். அதற்கப்புறம் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, நரம்பில் ஊசி வைத்து, ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து வகையையே மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் மூச்சும், தொடர்ந்து இதயமும் நிற்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்லும் வரை பொறுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பதறுகிற சில விஷயங்கள் உண்டு. கண் மூடாது. இறந்த பிறகும் ஒன்றிரண்டு தடவை பெருமூச்சு மாதிரி வரலாம், தோல் துடிக்கலாம், மூத்திரம் போகலாம். அது உயிர் இருப்பதால் வருவது இல்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. அடியில் பழைய துண்டு விரித்து வையுங்கள்.

முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “முதல்ல மயக்க ஊசி போடுவீங்களா சார்?” இல்லை என்று பதில் வந்தால் வேறு டாக்டரைத் தேடுங்கள். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதயத்தில் எட்டிக்கொட்டை நஞ்சு ஏற்றிக் கொல்வதைப் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. சோற்றில் மருந்து வைத்து முடித்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கலாமா என்றால், முடிந்தால் இருங்கள். தலை உங்கள் மடியில் இருக்கட்டும், பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள். கூப்பிட்டால் வீட்டுக்கே வரும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அவனுக்குப் பழகின தரையில் நடப்பது எவ்வளவோ மேல்.

குடியாத்தத்திலிருந்து: தறிக்குப் பக்கத்திலேயே 14 வருஷம் படுத்துக் கிடந்த நாட்டு நாய். இப்போது எழுந்திருக்க முடியவில்லை. ஊசி போட்டால் பாவம், தானாகப் போகட்டும் என்கிறார் பாட்டி.

பாட்டியிடம் வாதாட வேண்டாம், அவரும் அதன்மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார். வலியில்லாமல், மூச்சுத் திணறாமல் இருந்தால் தானாகப் போக விடுவதும் நல்ல வழிதான். ஆனால் சும்மா விட்டு வைப்பதற்குப் பெயர் இயற்கைச் சாவு இல்லை. வேலை இருக்கிறது.

இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பெலும்பும் தோளும் தரையில் அழுந்தும் இடத்தில் முதலில் முடி கொட்டும், அப்புறம் புண். சாக்குக்கு மேல் மெத்தென்று பழைய போர்வை போடுங்கள். ஈ மொய்க்க விடாதீர்கள், நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வைத்தால் பினாயிலோ அந்துருண்டைத் தூளோ போடாதீர்கள், அவையே விஷம். டாக்டரைக் கூப்பிடுங்கள். தண்ணீரை ஊசி கழற்றிய சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். கத்திரி வெயிலில் பாதத்திலும் வயிற்றிலும் ஈரத்துணி வைத்தால் போதும், ஐஸ் வேண்டாம். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரை எதையும், டைக்ளோஃபெனாக்கோ இப்யூப்ரோஃபெனோ, கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் ரத்தம் கசிந்து அதனாலேயே துடிக்கும்.

இவ்வளவு பார்த்தும் ராத்திரி முனகுகிறது என்றால், ஒரு ராத்திரி பாட்டியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து: அவளுக்கு பிரியாணி என்றால் உயிர். கடைசி நாளில் கொடுக்கலாமா?

கொடுங்கள். எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள். நாலு வாய் சாப்பிட்டால் போதும், வற்புறுத்த வேண்டாம். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு பதில்.

வாலாஜாவிலிருந்து: சொந்த நிலம் இல்லை. பாலாற்று மணலில் புதைக்கலாமா?

வேண்டாம். மணலைத் தெருநாய்கள் ஒரே ராத்திரியில் தோண்டிவிடும். கடைசியாக ஏற்றிய மருந்து உடம்பிலேயே இருக்கும், அதைத் தின்கிற நாயும் காக்கையும் சாகக்கூடும். பாலாற்றுக் கிணறுகளில் இருந்துதான் பல ஊருக்குக் குடிதண்ணீரும் போகிறது. 2021 நவம்பரில் ஆறு எப்படி வெள்ளமாகப் பெருக்கெடுத்து வந்தது என்று பார்த்தவர்கள் நாம். தெரிந்தவர் நிலத்தில், கிணற்றுக்குத் தள்ளி, நாலடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். நம் பூமியில் பாறை அதிகம், அதனால் கடப்பாரை ஆளை முந்தின நாளே சொல்லி வையுங்கள். பருத்தித் துணியில் சுற்றிப் புதையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மேலே முள்ளும் கனமான கல்லும் வைத்துவிடுங்கள்.

ஆரணியிலிருந்து: ஆறு வயது மகளிடம் என்ன சொல்வது?

செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். “ஊருக்குப் போயிருக்கு” என்றால் தினமும் வாசலில் காத்திருப்பாள். “தூங்க வச்சுட்டாங்க” என்றால் அன்று ராத்திரி தூங்கவே பயப்படுவாள். உடம்பு ரொம்ப முடியாமல் போனது, டாக்டரால் சரிசெய்ய முடியவில்லை, இனி அதற்கு வலிக்காது என்று சொன்னால் போதும். குழியில் பூப் போட அவளையும் கூட்டிப் போங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம்.

செங்கத்திலிருந்து: புதைத்த இடத்தில் பெயர் எழுதிக் கல் நட்டேன். “நாய்க்குப் போய் கல்லா?” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

உங்கள் பக்கத்திலேயே எடுத்தனூர் நடுகல் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, அதற்கென்று தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று. வீரன் பெயரோடு நாயின் பெயரும் 1400 வருஷமாக நிற்கிறது. சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் செய்தது புதுப் பழக்கம் இல்லை, உங்கள் மண்ணின் பழக்கம்.

தோட்டப்பாளையத்திலிருந்து: ஜூலி போய் பத்து நாள் ஆகிறது. கூட இருந்த டாமி சாப்பிட மாட்டேன் என்கிறான். புதுக் குட்டி வாங்கினால் சரியாகுமா?

இப்போதே வேண்டாம். டாமி தேடுவது குட்டியை இல்லை, ஜூலியை. சாப்பாட்டு நேரமும் நடை நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வேளை கூடத் தொடாமல் இரண்டு நாள் போனால் டாக்டரிடம் காட்டுங்கள், ஜூலியின் நோய் தொற்று நோயாக இருந்திருந்தால் உடனே காட்டுங்கள். ஜூலியின் போர்வையைத் துவைக்காமல் அவன் படுக்கிற மூலையில் போட்டு வைத்துப் பாருங்கள். முகர்ந்து பார்ப்பான், அதன்மேல் படுத்தாலும் படுப்பான். அவன் அதை விட்டு எழுந்து வேறு இடத்தில் படுக்கிற நாள் வரைக்கும் அது அங்கேயே கிடக்கட்டும்.