பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சரை மாற்றலாமா?

கேள்வி: 2010 டொயோட்டா வியோஸ் ஓட்டுகிறேன். போன மாதம் திறந்த ஏர் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் போட்டேன். இப்போது ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, இஞ்சின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 (P0171) என்ற கோளாறுக் குறியீடு. ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (செந்தூல் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டு சொன்னதே அந்தச் சென்சர்தான். ஃபில்டர் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்பதால் ஃபில்டர் பக்கம்தான் முதலில் தேட வேண்டும்.

உங்கள் இஞ்சினில் உள்ளே போகும் காற்றை மாஃப் (MAF) சென்சர் அளக்கிறது. அந்தக் கணக்குப்படிதான் ஈசியூ (இஞ்சினின் கணினி) பெட்ரோல் விடுகிறது. மாஃபைத் தாண்டிய பிறகு வேறு வழியில் புகும் காற்று கணக்கில் வராது. மாஃபுக்கு முன்னால் கசிந்தால் இந்தக் குறியீடு வராது, ஆனால் வடிகட்டாத தூசி போகும்.

பானெட்டைத் திறந்து, இஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரைப் பாருங்கள். அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் முன்பு ஏர் கிளீனர் பக்கம் போயிருக்கும். புதுக் குழாயில் அதற்கு முனை இல்லையென்றால், ஹோஸைக் கழற்றிவிட்டு அங்கே குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐடிலில் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) வெக்குவம், அதாவது உறிஞ்சு விசை, பிசிவி வால்வ் வழியாக கிரேங்க்கேஸ் (இஞ்சினின் அடிப்பெட்டி) ஆவியை இழுக்கும்போது, அதை ஈடுகட்டும் காற்று இந்த வாயில்தான் நுழைகிறது. முன்பு மாஃப் அளந்த காற்று வந்தது. இப்போது குட்டி ஃபில்டர் வழியாக அளக்காத காற்று வருகிறது.

சோதிப்பது சுலபம். ஐடிலில், பிசிவியிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் மெல்ல நசுக்குங்கள். ஆர்பிஎம் நிதானமாகி, ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் விழுக்காடு) இறங்கினால் குற்றவாளி இதுதான். குழாயில் மாஃபுக்கும் த்ராட்டலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் வால்வ்) நடுவே ஒரு முனை பற்றவைத்து, ஹோஸை அதில் திரும்ப மாட்டுங்கள். பற்றவைக்கும் முன் குழாயைக் கழற்றி, மாஃபையும் எடுத்து வைத்துவிடுங்கள். உலோகத் தூளை நன்றாகத் துடைத்த பிறகே பூட்ட வேண்டும்.

இறங்கவில்லையா? ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், சூடான இஞ்சினில், ஏர்கோன் அணைத்து. ஐடிலில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்து 2,500 ஆர்பிஎம்மில் 5-க்குப் பக்கம் வந்தால் வெக்குவம் கசிவு: கிளாம்ப், சிலிக்கான் இணைப்பு, விட்டுப்போன சின்ன ஹோஸ். கிளாம்ப் குழாய் முனையின் மேடு மீது ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். மேட்டைத் தாண்டி உட்காரவேண்டும். இதிலும் பிடிபடாவிட்டால் பட்டறையில் குழாய்களுக்குள் புகை விட்டுக் கசிவைக் காணும் புகைச் சோதனை கேளுங்கள்.

இரண்டு வேகத்திலும் டிரிம் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்து நின்றால், குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, பழைய ஏர் கிளீனரில் மாஃப் இருந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். 60 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 66 போட்டால் குறுக்குவெட்டு 21 விழுக்காடு கூடுகிறது. சென்சரைத் தொட்டுப் போகும் காற்று மெதுவாகி, அது குறைத்துக் காட்டும். இதை எந்த கிளாம்பும் சரிசெய்யாது. அதே விட்டமுள்ள குழாய் வாங்குவதே வழி.

வேகம் கூடக்கூட டிரிமும் ஏறினால் அழுக்கான மாஃப் அல்லது பெட்ரோல் பம்ப். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் மாஃபின் சூட்டுக் கம்பியில் படியும். அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனரை அடித்து, தானாக உலரவிட்டு மாட்டுங்கள். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர், பஞ்சு எதுவும் ஆகாது. மாஃபின் பிளக்கைத் திரும்பச் செருக மறந்துவிட்டால் பி0102, பி0113 போன்ற குறியீடுகள் வரும், பயப்பட வேண்டாம். மாஃப் மீதுள்ள அம்புக்குறி த்ராட்டல் பக்கம் நோக்கியிருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு ஸ்கேனரில் குறியீட்டை அழித்து இரண்டு மூன்று நாள் ஓட்டி, டிரிமை மறுபடி பாருங்கள். 10-க்குள் நின்றால் சரி. நெரிசலில் காற்றின் வெப்பநிலை எண்ணையும் கவனியுங்கள்: திறந்த ஃபில்டர் இஞ்சின் சூட்டையே இழுக்கும். ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்து போகிற காருக்கு, மாற்றமில்லாத 1.5 லிட்டர் இஞ்சினில், பழைய ஏர் கிளீனர் பெட்டியே மேல்.