நிலக்கரி உலையில் கிரேட் கம்பிகள், அதாவது எரியும் கரியைத் தாங்கும் அடித்தட்டின் கம்பிகள், அடிக்கடி எரிந்து வளைகின்றன. குரோமியம் கலந்த கம்பிகள் போட்டால் போதுமா, இயந்திரக் கிரேட்டுக்கே மாறிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு முன்பே பதில் எழுதியவர்கள் எல்லாரும் உலோகத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். எத்தனை சதவீதம் குரோமியம், எந்த வார்ப்பு, எவ்வளவு கனம் என்று. காற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கொதிகலன் வீட்டிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுடையது கையால் கரி தள்ளும் நிலையான கிரேட் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பிகள் வளைந்து, இடைவெளி ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் அடைத்து, உருகிக் கட்டிப்போன சாம்பலான கிளிங்கர் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நெருப்பைக் கவனிக்கும் பயர்மேன் கடப்பாரையால் இடித்து எடுக்கும்போது கம்பியின் முனையும் உடைந்து வரும். மேலிடத்தில் உங்களைக் கூப்பிட்டு, "போன முறை வாங்கிய கம்பி என்ன ஆயிற்று?" என்று கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வியை இங்கே கேட்டிருக்கமாட்டீர்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். எரியும் கரிப் படுகையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரண வார்ப்பிரும்பு ஏறக்குறைய அந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் கம்பிகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன என்றால் இரண்டு காரணங்கள்தான். மேலே இருக்கும் சாம்பல் அடுக்கு நெருப்பை நேரடியாகப் படவிடுவதில்லை. கீழிருந்து ஏறும் காற்று கம்பியின் பக்கங்களைத் தொட்டு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் எந்த உலோகத்தைப் போட்டாலும் நாளைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

குரோமியம் வீண் என்று நான் சொன்னதாக யாரும் கருத்துப் பெட்டியில் எழுதவேண்டாம். வார்ப்பிரும்பு திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது அதன் உள்ளமைப்பு சிதைந்து கிராஃபைட்டாகப் பிரிந்து பருக்கிறது. அந்தக் கிராஃபைட் வழியே ஆக்சிஜன் உள்ளே நுழைந்து மேலும் பருக்க வைக்கிறது. கம்பி நீண்டு, நெளிந்து, வெடிப்பது இதனால்தான். குரோமியம் இப்படிப் பருப்பதைத் தடுக்கிறது, செதில் உரிவதையும் குறைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் காற்று வராத இடத்தில் அது என்ன செய்யும்?

பழைய கம்பிகளின் வடிவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். இடைவெளியில் விழும் சாம்பல் துண்டு சிக்காமல் நழுவிக் கீழே போவதற்காக அப்படிச் செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் நடுப்பகுதி ஆழமாகத் தொங்கும். அது பாரம் தாங்க மட்டுமல்ல, காற்று உரசிச் செல்ல நிறையப் பரப்பு வேண்டும் என்பதற்காகவும்தான். பட்டறையில் யாரோ செலவைக் குறைக்க அந்த ஆழத்தைப் பாதியாக்கிப் புதிய அச்சு செய்துவிடுகிறார்கள். கம்பி இலேசாகிறது, விலை இறங்குகிறது, ஆயுளும் இறங்குகிறது. நீங்கள் குரோமியத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பு மூல வரைபடத்தில் உள்ள ஆழம் இப்போதைய கம்பியில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

இப்போது என் உலையில் நடந்ததைச் சொல்கிறேன். அது செயின் கிரேட், அதாவது சங்கிலி போல நகரும் கிரேட். முன்னால் ஹாப்பர் என்னும் கரித் தொட்டியிலிருந்து கரி இறங்கும், தடுப்புக் கதவு படுகையின் உயரத்தை ஒழுங்குபடுத்தும், சங்கிலி மெல்ல நகர்ந்து கரியைப் பின்னுக்குக் கொண்டுபோகும், கடைசியில் சாம்பல் விழும். கிரேட்டுக்குக் கீழே காற்றுப்பெட்டி பல அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தனி டேம்பர் இருந்தது. நான் பொறுப்பேற்றபோது சங்கிலியின் இணைப்புக் கம்பிகள் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தன. வார்ப்பு மட்டம் என்று முடிவு செய்து வேறு வார்ப்பில் வாங்கினார்கள். அதுவும் எரிந்தது. அதைவிட உயர்ந்ததை வாங்கினார்கள். அது கொஞ்சம் தாமதமாக எரிந்தது.

உலையை நிறுத்திய ஒரு பராமரிப்பின்போது, கழற்றிய கம்பிகளைக் குவியலாகப் போடவேண்டாம், எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள் என்று உடன் வேலை செய்தவர்களிடம் சொன்னேன். அடுக்கி முடித்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எரிந்தவை எல்லாம் நடுப்பட்டையில் இருந்தன. இருபுறத்திலும் கம்பிகள் புதிது போலவே கிடந்தன. வார்ப்பு மட்டமாக இருந்தால் எல்லா இடத்திலும் கலந்தல்லவா எரிந்திருக்கவேண்டும்? ஒரே பெட்டியில் வந்த கம்பிகள் நடுவில் மட்டும் எப்படிக் கெடும்?

காரணம் கிரேட்டில் இல்லை, அதற்கு மேலே இருந்தது. கரி ஒரே குழாய் வழியாக அகலமான ஹாப்பரின் நடுவில் கொட்டியது. அப்படிக் கொட்டினால் குவியலில் கட்டிகள் உருண்டு ஓரத்துக்குப் போகும், தூள் நடுவிலேயே தங்கும். அதே பிரிவு கிரேட்டிலும் இறங்கியது. ஓரங்களில் கட்டிக்கரி, நடுவில் அடர்ந்த தூள். காற்று எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். ஓரங்களில் பாய்ந்து சீக்கிரமே எரித்து முடித்தது. நடுவில் ஏறவே இல்லை. அங்கே கம்பிக்குக் குளிர்ச்சி இல்லை. போதாக்குறைக்குத் தூள் இடைவெளி வழியே காற்றுப்பெட்டிக்குள் கொட்டி, குவிந்து, அங்கேயே தீப்பிடித்தது. மேலே ஒரு நெருப்பு, கீழே ஒரு நெருப்பு, இரண்டுக்கும் நடுவில் கம்பி. வளைந்த கம்பிகள் இடைவெளியை அகலமாக்கின. அகன்ற இடைவெளி இன்னும் அதிகத் தூளைக் கீழே விட்டது.

செய்தது இவ்வளவுதான். கொட்டும் குழாயை ஹாப்பரின் அகலம் முழுவதும் ஊசலாடும்படி மாற்றினோம். ஹாப்பருக்கு வருமுன் கரியைச் சீராக ஈரப்படுத்தினோம். ஈரம் தூளைக் கட்டிகளோடு ஒட்டவைக்கும், படுகையில் காற்று போக வழி விடும். நீரை ஆவியாக்க வெப்பம் வீணாகிறதே என்று கேட்பவர்களுக்கு: எரியாமல் சாம்பலோடு போகும் கரியை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம். காற்றறைகளுக்கு இடையேயான தடுப்புகள் அரித்துப்போயிருந்தன. அவற்றின் அடைப்புகளைப் புதுப்பித்தோம். துருப்பிடித்து அசையாமல் கிடந்த டேம்பர்களைக் கழற்றி ஓடவைத்தோம். காற்றுப்பெட்டியில் விழும் தூளை ஒவ்வொரு ஷிப்டிலும் எடுப்பதைக் கட்டாயமாக்கினோம். அதன் பிறகு சாதாரண வார்ப்புக் கம்பிகளே ஆண்டுப் பராமரிப்பு வரை தாங்கின. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் என் மனத்தில் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். எங்கள் கொதிகலன் வீட்டில் பல ஆண்டுகளின் ஷிப்ட் பதிவேடுகள் இருந்தன. எந்தக் கரி எப்போது கிளிங்கர் பிடித்தது, எந்த உயரத்தில் படுகை வைத்தபோது புகை குறைந்தது, எந்த டேம்பர் எவ்வளவு திறந்திருந்தது என்று பயர்மேன்கள் தங்கள் கையெழுத்தில் எழுதியவை. கணினி வந்ததும் அவற்றை அடைசல் என்று சொல்லிப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார்கள். கணினியில் அழுத்தமும் வெப்பமும் பதிவாகின்றன. நெருப்பு எந்த நிறத்தில் இருந்தது என்று யார் பதிவு செய்வது? எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இயந்திரக் கிரேட் புதிய சரக்கு இல்லை. நகரும் சங்கிலிக் கிரேட்டுக்கு இங்கிலாந்தில் ஜான் ஜூக்ஸ் காப்புரிமை பெற்றது 1841இல். புகையைக் குறைக்கும் உலைக்கு ஜேம்ஸ் வாட் அதற்கும் முன்பே, 1785இல் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்த வளர்ச்சி முழுவதும் இரண்டு தேவைகளிலிருந்து வந்தது: கதவைத் திறக்காமல் கரி போடவேண்டும், நெருப்பைக் கலைக்காமல் சாம்பலை எடுக்கவேண்டும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த காற்று உள்ளே பாய்கிறது. புதுக் கரி மொத்தமாக விழுந்ததும் வாயு வெளிவந்து காற்று போதாமல் கரும்புகையாகிறது. ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 33 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாகப் போனால் 9 மெகாஜூலுக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். மீதி புகைபோக்கி வழியே வானத்துக்கு.

எந்த இயந்திரக் கிரேட் என்பதை உங்கள் கரிதான் தீர்மானிக்கும், விற்பனையாளர் அல்ல. சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் கரியாக இருந்தால் சாதாரண செயின் கிரேட் தடுமாறும். அதன் மேல் படுகை அசையாமல் பயணம் செய்கிறது, ஒட்டிய பாளத்தை உடைக்க எதுவும் இல்லை. அதற்குக் கம்பிகள் முன்னும் பின்னும் தள்ளும் படிக்கட்டுக் கிரேட்டோ, கரியைத் தூவி எறியும் ஸ்டோக்கர் என்னும் இயந்திரமோ ஏற்றது. தூவும் வகையில் நுண்கரி காற்றிலேயே எரிந்துவிடும், கட்டிகள் மட்டும் கிரேட்டில் விழும். கரியைப் பின்பக்கம் எறிவதால் அங்கே கிரேட் பின்னிருந்து முன்னாக நகரும். பார்த்தவர்கள் முதலில் குழம்புவார்கள். சாம்பல் மிகக் குறைந்த உயர்ரகக் கரி வாங்கினால் கிரேட்டுக்கு நல்லது என்றும் நினைக்கவேண்டாம். கம்பியை மூடிக் காப்பதற்குச் சாம்பல் வேண்டும்.

இன்னொன்று. கையால் கரி போடும் பழைய கிரேட்டுகளில் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட, திறந்த இடைவெளியாக இருக்கும். தூவும் ஸ்டோக்கரின் கிரேட்டில் சில சதவீதம்தான் திறப்பு. காற்றை எதற்காக நெருக்கவேண்டும்? படுகையைவிடக் கிரேட் அதிக எதிர்ப்புக் கொடுத்தால், படுகையில் ஓரிடம் மெலிந்து ஓட்டை விழுந்தாலும் காற்றெல்லாம் அந்த ஓட்டையில் ஓடிவிடாது. எங்கும் சமமாக ஏறும். கிரேட்டின் முதல் வேலை காற்றைப் பங்கிடுவது என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். இடைவெளியை அகலப்படுத்தினால் நன்றாக எரியும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் கேட்காதீர்கள்.

நிலக்கரியையே விட்டுவிடு, எரிபொருள் காற்றில் மிதந்தபடி எரியும் மிதவைப் படுகை உலைக்கு மாறு என்று கீழே சிலர் எழுதுவார்கள். மாற முடிந்தவர்கள் மாறட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கேட்டவர் கையில் இருப்பது இந்த உலை. இதை நாளைக் காலையும் எரித்தாகவேண்டும்.

முழு மாற்றத்துக்குப் பணம் இல்லையென்றால், கிளிங்கருக்கு ஒரு வழி உண்டு. கிரேட்டுக்குக் கீழே காற்றோடு சிறிதளவு நீராவி விடுங்கள். நீராவி சூடான கார்பனோடு சேரும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. படுகையின் வெப்பம் சாம்பல் இளகும் நிலைக்குக் கீழேயே நிற்கிறது. அர்ஜென்டினாவில் லிவியோ டான்டே போர்ட்டா என்ற பொறியாளர் ரியோ டுர்பியோ ரயில் எஞ்சின்களில் இதைத்தான் செய்தார். அடிக்காற்றைக் குறைத்து, நீராவி சேர்த்து, மீதிக் காற்றை நெருப்புக்கு மேலே பக்கவாட்டில் விட்டார். கிளிங்கர் பிடிக்கும் கரியே அங்கே ஒழுங்காக எரிந்தது. உங்கள் உலையிலும் மேல்காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, இருந்தால் அடைத்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். நீராவியை அளவோடு விடவேண்டும். அதிகமானால் நெருப்பு சோர்ந்துவிடும், நீராவியும் விரயம்.

அடுத்த நிறுத்தத்தில் எரிந்த கம்பிகளை வரிசைப்படி அடுக்கிப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எரிந்தது நடுவிலா, ஓரத்திலா, கதவருகிலா என்று தெரிந்தால் மேலே சொல்ல முடியும். புதுக் கம்பி மாட்டும்போது ஒரு முனையைக் கட்டாயம் இறுக்காமல் விடுங்கள். ஒரு மீட்டர் கம்பி 500 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடம் இல்லாவிட்டால் எந்த வார்ப்பாக இருந்தாலும் வளையும்.