மடக்கு மேசை அலமாரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்குப் படுக்கையறை ஒன்றுதான், பத்துக்கு ஒன்பது அடி. லேப்டாப்பில் வீட்டிலிருந்தே வேலை. வேலை முடிந்ததும் மடக்கி மூடிவிடுகிற மாதிரி சுவரில் ஓர் அலமாரி செய்ய வேண்டும். என்ன அளவு, எந்தப் பலகை? – வாசகி, குளச்சல்

பதில்: மூடியிருக்கும்போது பிடிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள், திறந்தால் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து பாருங்கள். பெட்டி 10 இஞ்ச், விழும் பலகை (கீழே மடங்கி மேசையாகும் கதவு) 20 இஞ்ச், நாற்காலி போட்டு எழுந்து உட்கார 30 இஞ்ச். ஆக 5 அடி. கட்டில் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவ்வளவு இல்லையென்றால் பலகையை 16 இஞ்ச் ஆக்கலாம். பெட்டியின் உயரமும் கூடவே 4 இஞ்ச் குறையும். நாற்காலிக்கான 30 இஞ்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மேசை உயரத்துக்கு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கையை மடக்கித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். கடை மேசைகள் 29, 30 இஞ்ச் வரும். உயரம் குறைந்தவர்களுக்கு 27, 28 இஞ்சே சரி. மேசை உயரம் கூடினால் தோள் தூக்கியே இருக்கும், சாயங்காலத்துக்குள் கழுத்து வலிக்கும்.

எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் பாதி, அதாவது நாலுக்கு நாலு போதும். 18 எம்.எம். பிளைவுட் பலகையில்: விழும் பலகை 36×20 இஞ்ச் ஒன்று; மேல்தட்டு, அடித்தட்டு 34½×10 இரண்டு; உள்தட்டு 34½×7 ஒன்று; பக்கப்பலகை 20¾×10 இரண்டு. முதல் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 47 இஞ்ச், வாள் தின்னும் தூளையும் சேர்த்து 47½. பக்கத்தில் மிஞ்சும் 12 இஞ்ச் பட்டையில் பக்கப்பலகை இரண்டும் அடங்கிவிடும். மேலிருந்து இந்த வரிசையில் வெட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்துக்கு 6 எம்.எம். பிளைவுட் தனியாக வாங்க வேண்டும்.

இந்த அலமாரி கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பலகையைத் தாங்கும் சங்கிலி. அதைக் கீலுக்குப் பக்கத்தில் அடித்தால் மூடும்போது உள்ளே ஒதுங்கிக்கொள்ளும், பார்க்கவும் அழகு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பலகையின் வெளி ஓரத்தில் 20 கிலோ எடை ஊன்றுகிறது என்று வையுங்கள். எழுந்திருக்கும்போது கை ஊன்றினால் அது சாதாரணம். சங்கிலி கீலிலிருந்து 5 இஞ்சில் இருந்தால் கீலை மேலே பெயர்க்கும் விசை 60 கிலோ. 12 இஞ்சில் இருந்தால் 13 கிலோதான். கீலின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருவதன் காரணம் இதுவே. பலரும் ஆசாரியைக் குறை சொல்வார்கள். தப்பு, சங்கிலி பிடித்த இடத்தில்.

ஆகவே பலகையில் 12 இஞ்ச், பக்கப்பலகையின் முன் ஓரத்தில் அடித்தட்டிலிருந்து 12 இஞ்ச் உயரம், நடுவே 17 இஞ்ச் சங்கிலி, இரண்டு பக்கமும். 18 எம்.எம். பலகையில் திருகாணி அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேலேதான் இறங்கும், அது போதாது. 6 எம்.எம். போல்ட்டை ஊடுருவ விட்டு இரண்டு பக்கமும் வாஷர் போடுங்கள். பியானோ கீல் (நீளப் பட்டைக் கீல்) முழு 34½ இஞ்ச் நீளத்துக்கும் வேண்டும். அதை அடித்தட்டின் மேல்முகத்திலும் பலகையின் உள்முகத்திலும் பதியுங்கள். பிளைவுட்டின் விளிம்பில் அடித்தால் அடுக்கு பிளந்துகொள்ளும்.

குளச்சல் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்புக் கீல் சீக்கிரமே துரு பிடித்து இறுகும். கீல், சங்கிலி, திருகாணி மூன்றும் 304 தர எவர்சில்வராக இருக்கட்டும். கடலுக்கு மிக அருகே என்றால் 316. காந்தம் ஒட்டவில்லையே என்று கடையில் காட்டுவார்கள். மட்டமான 202-லும் காந்தம் ஒட்டாது, தரத்தைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பலகையில் ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டின் தரம்) முத்திரை இருக்க வேண்டும்.

காலிப் பெட்டியே 20 கிலோ பக்கம் வரும். செங்கல் சுவர் என்றால் அயினி மர ரீப்பர் (சட்டம்) ஒன்றை ரசமட்டம் பார்த்து நாலு ஃபாஸ்டனரில் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) இறுக்கி, அதில் பெட்டியை மாட்டுங்கள்; பெட்டிக்குள் மேல்தட்டுக்கு அடியிலும் ஒரு ரீப்பர் வேண்டும், 6 எம்.எம். பின்பலகை மட்டும் எடையைத் தாங்காது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே முக்கால் இஞ்ச் சந்து கிடைக்கும், ஐப்பசி மழையில் சுவர் வியர்த்தாலும் பலகை தப்பும். ஹாலோ பிளாக் சுவரில் ஃபாஸ்டனர் விரியும்போது உள்ளே மெல்லிய ஓடு உடைந்துவிடும். அங்கே பக்கப்பலகைகளைத் தரை வரை நீட்டிக் காலாக்குங்கள், சுவர் சாயாமல் பிடித்தால் போதும். அதற்கு அரை ஷீட் பத்தாது.

கேள்வி: செய்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது, விழும் பலகை வில் மாதிரி வளைந்து மூட மாட்டேன் என்கிறது. பலகை மட்டமா? – வாசகர், தக்கலை

பதில்: மைக்கா எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி, உள்பக்கம் பெயிண்ட் அடித்திருந்தால் நல்ல பலகையும் வளையும். மைக்கா ஈரத்தைத் தடுக்கும், பெயிண்ட் பக்கம் உறிஞ்சும். ஒரு முகம் விரிந்து மறுமுகம் அப்படியே நிற்பதால் வளைவு. நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டும் உண்டு, ஈரம் வருஷத்தில் பாதி நாள் இருக்கும். இரண்டு முகத்திலும் ஒரே கனத்தில் மைக்காவும், நாலு விளிம்பிலும் எட்ஜ் பேண்டும் (விளிம்பை மூடும் பட்டை) வேண்டும். அடி விளிம்பு கண்ணில் படாது என்று விட்டுவிடுவார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். வளைந்த பலகையை வெயிலில் வைத்து நிமிர்த்த முயல வேண்டாம். புதுப் பலகை போட்டுக் கீலைக் கழற்றி மாட்டுங்கள்.

கேள்வி: ரப்பர் மரம் இங்கே மலிவாகக் கிடைக்கிறது. அதில் செய்யலாமா? – வாசகி, குலசேகரம்

பதில்: மருந்து ஏற்றிய பலகை என்றால் செய்யலாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், துளைவண்டு விடாது. தரையில் மாவு மாதிரி தூள் கொட்டினால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மரத்தை வெட்டியதும் தாமதிக்காமல் அறுத்து, போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிக் காயவைத்திருக்க வேண்டும். மேலே பூசினால் போதாது. ஏற்றிய மருந்தும் தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பதால் ஒழுகும் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்தட்டுக்கு நல்லது, விழும் பலகைக்கு பிளைவுட்டே எங்கள் சிபாரிசு.

கேள்வி: மூடிய அலமாரிக்குள் சார்ஜர், மோடம் வைக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வைக்கலாம். அடித்தட்டின் பின் ஓரத்தில் 2 இஞ்ச் துளை ஒன்று, மேல்தட்டில் ஒன்று. கீழ்க் காற்று ஏறிச் சூட்டை வெளியே தள்ளும். ஒயரையும் அடித்தட்டுத் துளையிலேயே விடுங்கள், கீல் பக்கம் விட்டால் மூடும்போது நசுங்கும். லேப்டாப்பை அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடுங்கள்.